குறுக்குக் கம்பியும் மங்கலான விளக்கும்

ஹவுரா நகரில் ஒரு மாடியின் மீது நின்று வடக்கே நோக்குபவருக்குத் துருவ நட்சத்திரம் தொடுவானிலிருந்து ஏறத்தாழ 22½ பாகை உயரத்தில் இருக்கிறது. இது கணிதம் கூறுவது. கண் கூறுவது பெரும்பாலும் வேறு. அத்திசையில் லிலுவா, பேலூர், பாலி என ஹூக்ளி ஆற்றின் மேலைக் கரையோரமாகத் தொழிற்பட்டறைகளும் குடியிருப்புகளும் நெருங்கித் தொடர்கின்றன. அவற்றின் விளக்கொளியும், ஆற்றுவெளியின் ஈரமும், புகையும் ஒன்றுகூடிக் குளிர்கால இரவுகளில் வடவானின் அடிப்பகுதியை ஒரு சாம்பல் நிறத் திரையாக ஆக்கிவிடுகின்றன. தலைக்கு மேலே விண்மீன்கள் தெளிவாக இருக்கும் இரவிலும் துருவ நட்சத்திரம் மட்டும் தென்படாமற் போவது அங்கு வியப்பன்று.

இத்தகைய இடத்தில் ஒரு பள்ளியோ கல்லூரியோ தொலைநோக்கி ஒன்றை வாங்கி, அதனைச் சரியாக நேர்ப்படுத்தி, மாணவரைக் கொண்டு ஏதேனும் அளந்தறியச் செய்ய விரும்புமாயின், அதற்கு இன்றியமையாத சிறு துணைக்கருவி ஒன்று உண்டு. அதுவே ஒளியூட்டிய குறுக்குக் கம்பிகளையுடைய கண்ணருகு வில்லை. கொள்முதல் பட்டியல்களில் இது பெரும்பாலும் கடைசி வரியில் இடம்பெறுகிறது. நிதி போதாதெனில் முதலில் அடிக்கப்படுவதும் இவ்வரியே. வாங்கப்படும் இடங்களிலும் உருப்பெருக்கத்தின் அளவையும் விலையையும் மட்டுமே நோக்கித் தேர்ந்தெடுக்கப்படுகிறது. இவ்விரு வழக்கங்களும் மாற வேண்டும். மோட்டாருக்கும் ஒளிப்படக் கருவிக்கும் முன்னதாக இவ்வில்லை வாங்கப்பட வேண்டும்; அதன் உருப்பெருக்கத்தைவிட அதன் விளக்கை எவ்வளவு மங்கச் செய்ய இயலும் என்பதே தேர்வின் முதல் அளவுகோலாக அமைய வேண்டும்.

ஹவுராவைச் சான்றாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. அங்குள்ள இடர்ப்பாடுகள் அனைத்தும் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் உரியவை. சில இங்கு இன்னும் கடுமையானவை. துருவ நட்சத்திரத்தின் உயரம் நோக்குமிடத்தின் அட்சரேகைக்கு ஏறத்தாழச் சமமாகும். ஆதலின் சென்னையில் அது 13 பாகை உயரத்திலும் கன்னியாகுமரியில் 8 பாகை உயரத்திலுமே நிற்கிறது. உச்சியிலுள்ள விண்மீனின் ஒளி கடக்கும் காற்றின் அளவை 1 எனக் கொண்டால், துருவ நட்சத்திரத்தின் ஒளி ஹவுராவில் 2.6 மடங்கும், சென்னையில் 4.4 மடங்கும், கன்னியாகுமரியில் ஏறத்தாழ 7 மடங்கும் காற்றைக் கடந்து வருகிறது. ஹவுராவுக்குப் பொருந்தும் முறை தமிழ்நாட்டிற்கு மேலும் பொருந்தும் என்பதில் ஐயமில்லை.

நேர்ப்படுத்துதல் என்பது யாது?

பூமி தன் அச்சில் சுழல்வதால் விண்மீன்கள் கிழக்கிலிருந்து மேற்கே நகர்வனபோல் தோன்றுகின்றன. வான நடுக்கோட்டிலுள்ள ஒரு விண்மீன் ஒவ்வொரு விநாடியிலும் 15 விகலை நகர்கிறது. (ஒரு பாகை 60 கலை, ஒரு கலை 60 விகலை.) இந்நகர்வைத் தொலைநோக்கி ஒரே ஒரு சுழற்சியால் பின்தொடர வேண்டுமாயின், அதன் தாங்கியின் அச்சுகளுள் ஒன்று பூமியின் அச்சிற்கு இணையாக நிற்றல் வேண்டும். கடைகளில் ஈக்விடோரியல் மவுண்ட் என வழங்கும் துருவ அச்சுத் தாங்கி இதற்காகவே அமைந்தது.

அச்சு சரியாக நிற்காவிடில் விண்மீன் வடக்கிலோ தெற்கிலோ மெல்ல விலகிச் செல்லும். அச்சின் பிழை 1 பாகையாயின் விலகல் மணிக்கு ஏறத்தாழ 16 கலை வரை ஆகலாம். அதாவது முழுமதியின் விட்டத்தில் பாதி. பிழை 1 கலையாகக் குறைந்தால் விலகலும் மணிக்கு 16 விகலையாகக் குறையும். மோட்டார் எவ்வளவு சீராக ஓடினும் இவ்விலகலைத் தடுக்க இயலாது. மோட்டார் கிழக்கு மேற்குச் சுழற்சியையே அறியும். நேர்ப்படுத்தப்படாத தாங்கியில் விலையுயர்ந்த மோட்டாரைப் பொருத்துவது, கோணலாக நட்ட கம்பத்தில் கொடி ஏற்றுவதைப் போன்றது.

துருவ நட்சத்திரத்தை நோக்கி அச்சைத் திருப்பிவிட்டால் போதாதோ எனலாம். அது வான துருவத்தில் நிற்கவில்லை. இந்நாளில் துருவத்திலிருந்து முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைந்த தொலைவில் ஒரு சிறு வட்டமாகச் சுற்றி வருகிறது. மேலும், காற்றின் ஒளிவிலகலால் தாழ்ந்த உயரத்திலுள்ள பொருள்கள் சற்று உயர்ந்து தோன்றும். ஹவுராவின் அட்சரேகையில் இவ்வுயர்வு ஏறத்தாழ 2.3 கலை, சென்னையில் 4 கலை. எனவே, துருவ நட்சத்திரம் தெளிவாகத் தெரியும் இடத்திலும் அது முதல் வழிகாட்டியே அன்றி முடிவான நீதிபதி அன்று.

காந்த ஊசியும் முழுத்துணை ஆகாது. ஹவுரா இரும்பு வார்ப்புக்கும் ரயில்வே பட்டறைகளுக்கும் பெயர்பெற்ற நகரம். பள்ளியின் கூரையே இரும்புக் கம்பிகளைப் பொதிந்த கான்கிரீட்டால் ஆனது. அத்தகைய மாடியில் வைத்த காந்த ஊசி வடக்கைக் காட்டுகிறதா, கீழேயுள்ள உத்தரத்தைக் காட்டுகிறதா என்று உறுதி கூறுவது அரிது.

எஞ்சியிருப்பது விண்மீனின் விலகலையே நோக்கி அச்சைத் திருத்தும் முறை. இதனை நகர்வு முறை எனலாம். இதற்கு வடவானம் தெரிய வேண்டியதில்லை. துருவ நட்சத்திரமும் வேண்டியதில்லை. உயர்ந்து நிற்கும் ஒரு விண்மீனும், கிழக்கில் மற்றொரு விண்மீனும், விலகலைக் கண்டறிய ஒரு நுண்ணிய கோடும் போதும். அந்தக் கோட்டையே குறுக்குக் கம்பி வில்லை தருகிறது.

கோட்டிற்கு ஒளி தேடிய வரலாறு

தொலைநோக்கியின் குவியத்தில் ஓர் இழையை வைத்தால் அது தொலைவிலுள்ள பொருளின் மீதே பதிந்ததுபோல் தெளிவாகத் தெரியும் என்பதை 1640-ஆம் ஆண்டை ஒட்டி இங்கிலாந்தில் வில்லியம் காஸ்காயின் கண்டார். அவருடைய கருவிக்குள் சிலந்தி ஒன்று இழுத்த நூலே இவ்வுண்மையைக் காட்டியதென்பர். அதன்பின் நெடுங்காலம் நுண்கருவிகளில் சிலந்தி இழையே குறுக்குக் கம்பியாகப் பயன்பட்டது.

பகலில் இவ்விழை எளிதில் தெரியும். இரவிலோ கருவானில் கருங்கோடு மறைந்துவிடும். வானாய்வுக் கூடங்களின் பழைய கருவிகளில், அச்சின் உட்குடைவு வழியாக ஒரு விளக்கின் ஒளியைச் செலுத்தி, உள்ளேயுள்ள சிறு கண்ணாடியால் கண்ணருகு வில்லையின் பக்கம் திருப்பினர். அப்போது ஒளிர்ந்த வெளியில் இழைகள் கருமையாகத் தெரிந்தன. ஆனால் வெளி ஒளிர ஒளிர மங்கிய விண்மீன்கள் மறைந்தன. விளக்கைக் கூட்டினால் மீன் போகும். குறைத்தால் கோடு போகும். இவ்விரண்டிற்கும் நடுவிலுள்ள அளவைத் தேடுவதே அந்நாளைய நோக்குநரின் திறமையாக இருந்தது.

இவ்வரலாற்றில் தமிழ்நாட்டிற்கும் வங்கத்திற்கும் உரிய பங்கு உண்டு. தென்வானில் ரெட்டிகுலம் என்றொரு சிறு விண்மீன் மண்டலம் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்காவின் முனையிலிருந்து தென்வானை அளந்த பிரெஞ்சு வானியலார் லக்காய், தம் தொலைநோக்கியின் கண்ணருகு வில்லையிலிருந்த குறுக்குச் சட்டத்தின் நினைவாகவே இம்மண்டலத்திற்கு அப்பெயரிட்டார். அம்மண்டலத்திலுள்ள ஒரு விண்மீன் ஒளி மாறுவது என்பதை 1867-இல் சென்னை வானாய்வுக் கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி கண்டறிந்தார். குறுக்குக் கம்பியின் பெயர் தாங்கிய மண்டலத்தில் அக்கம்பியைக் கொண்டே உழைத்த ஒருவர் செய்த கண்டுபிடிப்பு அது.

ஹவுராவின் எதிர்க்கரையாகிய கல்கத்தாவில் நில அளவைத் துறைக்கான கணிதக் கருவிக் கூடம் 1830-இல் அமைந்தது. ஜார்ஜ் எவரெஸ்ட் தலைமையில் நடந்த பெரும் முக்கோண அளவையின் தியோடலைட்டுகள் அங்குப் பழுதுபார்க்கப்பட்டன. ஆர்க்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொஹ்சின் ஹுசைன் அக்கூடத்தில் உழைத்து, 1843-இல் துறையின் கணிதக் கருவியாளராக உயர்ந்தார். 1957-இல் அக்கூடம் நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்னும் அரசுத் தொழிலகமாயிற்று. அத்தொழிலகம் இன்று இயங்கவில்லை. ஆயினும் அது வளர்த்த தொழிலறிவின் அடிப்படை விதி இன்றும் மாறவில்லை: கருவி நோக்குநரின் கண்ணுக்கும் நோக்குமிடத்தின் இரவுக்கும் பொருந்த வேண்டும்.

தேர்வுக்குரிய அளவுகோல்கள்

இந்நாளில் விற்கப்படும் வில்லைகளில் சிலந்தி இழைக்கு மாறாகக் கண்ணாடித் தகட்டில் நுண்கோடுகள் பொறிக்கப்பட்டுள்ளன. பக்கத்திலிருந்து ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கு அத்தகட்டினுள் ஒளியைச் செலுத்துகிறது. கோடுகள் மட்டும் செந்நிறமாக ஒளிர்கின்றன. வெளி இருண்டே நிற்கிறது. பழைய முறையைவிட இது சிறந்தது. எனினும் பழைய இடர் முற்றும் நீங்கவில்லை. கோடு மிகுதியாக ஒளிருமாயின் அதன் அருகிலுள்ள விண்மீனைக் கண் காணாது. செவ்வொளி கண்ணின் இருள்பழக்கத்தைக் குறைவாகவே கெடுக்கும் என்பது உண்மை. மிகுந்த செவ்வொளியும் கெடுக்கும் என்பதும் உண்மை.

ஆதலின் முதலாவது அளவுகோல், விளக்கின் கீழ் எல்லை. ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் குமிழ் இருக்கிறது என்பது மட்டும் போதாது. சில வில்லைகளில் குமிழைக் கடைசி வரை திருப்பினாலும் கோடு உறுத்தும் அளவிற்கு ஒளிரும். அதற்கு மேல் திருப்பினால் ஒரேயடியாக அணைந்துவிடும். இதனைச் சோதிக்க விண்மீன் வேண்டியதில்லை. இருண்ட அறையில் 10 நிமிடம் கண்ணைப் பழக்கிக்கொண்டு, வில்லையை வெறுங்கையில் பிடித்து நோக்க வேண்டும். குமிழ் திரும்பத் திரும்பக் கோடு படிப்படியாக மங்கி, இருக்கிறதா இல்லையா என்ற ஐயம் தோன்றும் நிலை வரை இறங்குமாயின் அவ்வில்லை ஏற்கத்தக்கது. இறங்காதெனில் மற்ற சிறப்புகள் எவ்வளவு இருப்பினும் அதனைத் திருப்பி அனுப்புவதே முறை.

இரண்டாவது, கோட்டைத் தனியே குவியப்படுத்தும் வசதி. நிறமாலைமானியைக் கையாளும் ஆசிரியருக்கு இது புதிதன்று. ஆய்வுக்கூடத்தில் மாணவர் முதலில் கண்ணருகு வில்லையை நகர்த்திக் குறுக்குக் கம்பியைத் தெளிவாக்கிக்கொண்ட பின்னரே தொலைவிலுள்ள பொருளைக் குவியப்படுத்துகின்றனர். தியோடலைட்டைக் கையாளும் களப்பணியாளரும் அவ்வாறே செய்கின்றனர். வரிசை மாறினால் இடமாறு தோற்றப் பிழை நேரும்: கண்ணை இடமும் வலமும் அசைத்தால் கோடு பொருளின் மீது வழுக்கிச் செல்லும். தொலைநோக்கியிலும் இதே விதிதான். கண்ணாடி அணிந்தவரும் அணியாதவரும் மாறி மாறி நோக்கும் வகுப்பில், கண்ணுக்கேற்பக் கோட்டைத் தெளிவாக்கும் திருகு வளையம் இல்லாத வில்லை பெரிதும் பயன்படாது. வளையம் தளர்ந்து ஆடாமல் இருத்தலும் வேண்டும்.

மூன்றாவது, கோட்டின் அமைப்பு. ஒற்றைக் குறுக்குக் கோடும் உண்டு. இரண்டிரண்டு இணைகோடுகள் குறுக்கிட்டு நடுவில் சிறு சதுரத்தை உண்டாக்கும் இரட்டைக் கோடும் உண்டு. பகலில் அளவைக்கோலை நோக்கும் தியோடலைட்டிற்கு ஒற்றைக் கோடு ஏற்றது. இரவில் விண்மீனை நோக்குபவருக்கு இரட்டைக் கோடே மேலானது. ஒற்றைக் கோட்டில் விண்மீன் கோட்டின் ஒளியில் அமிழ்ந்துபோகும். இரட்டைக் கோட்டில் அதனைச் சதுரத்தின் உள்விளிம்பைத் தொடுமாறு நிறுத்தலாம். விளிம்பைக் கடந்தாலும் விட்டு விலகினாலும் கண் உடனே உணரும். தேடுநோக்கியைப் பெருந்தொலைநோக்கியோடு ஒருமுகப்படுத்தும்போதும் சதுரத்தின் நடுவில் நிற்கும் விண்மீன் மறையாமல் தெரிவது பெருவசதி.

நான்காவதாகவே உருப்பெருக்கம் வருகிறது. 750 மில்லிமீட்டர் குவியத்தூரமுடைய தொலைநோக்கியில் 12.5 மில்லிமீட்டர் வில்லை 60 மடங்கு பெருக்கும். இது நேர்ப்படுத்தலைத் தொடங்கப் போதுமானது. கோட்டின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு எனக் கொண்டால், அத்தொலைநோக்கியில் அது வானில் 2.75 விகலையை மறைக்கும். அச்சின் பிழை 10 கலையாயின் விண்மீன் நிமிடத்திற்கு 2.6 விகலை வரை விலகும். அதாவது ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் கோட்டின் தடிப்பளவு நகர்ந்துவிடும். பிழை 1 கலையாயின் அதே நகர்வுக்கு 10 நிமிடம் ஆகும். இரண்டு மடங்கு பார்லோ வில்லையைச் சேர்த்தால் விண்மீனின் நகர்வு இரட்டிப்பாகும். ஆனால் கோடு பார்லோவிற்குப் பின்னால் இருப்பதால் அதன் தடிப்பு பெருகாது. ஆகவே 4 அல்லது 6 மில்லிமீட்டர் குறுக்குக் கம்பி வில்லையைத் தனியே தேடுவதைவிட, 12 மில்லிமீட்டர் அளவில் ஒன்றும் பார்லோ ஒன்றும் வாங்குவது சிக்கனமும் நுட்பமும் ஆகும். குறுகிய குவியத்தூர வில்லையில் கண்ணை மிக அணுக்கமாக வைக்க வேண்டியிருப்பதும் மாணவர்க்கு இடையூறே.

ஐந்தாவது, மின்கலம். இவ்விளக்குகளுள் பல பொத்தான் வடிவச் சிறு மின்கலங்களால் எரிகின்றன. அவற்றின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே வகை உள்ளூர்க் கடையில் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே அறிந்துகொள்ள வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஹவுராவின் வானம் மழைமேகத்தால் மூடியிருக்கும்; தொலைநோக்கி பெட்டிக்குள் இருக்கும். அக்காலத்தில் மின்கலத்தை உள்ளேயே விட்டுவைத்தால் அது கசிந்து தொடர்புத் தகட்டை அரித்துவிடக்கூடும். பருவமழை தொடங்குமுன் மின்கலத்தைக் கழற்றி, வில்லையை ஈரமுறிஞ்சும் சிலிகா ஜெல்லுடன் காற்றுப்புகாத டப்பாவில் வைப்பது கண்ணாடியைப் பூஞ்சையிலிருந்தும் காக்கும்.

ஓர் இரவின் வேலை

ஜனவரி மாத இறுதியில் இரவு 9 மணியளவில் ஓரியன் மண்டலம் ஹவுராவின் உச்சிவட்டத்தை, அதாவது வடக்கையும் தலையுச்சியையும் தெற்கையும் இணைக்கும் கோட்டை, அடைகிறது. அதன் இடைக்கச்சையிலுள்ள மூன்று மீன்களுள் மேற்கோடியிலுள்ள மின்டாக்கா ஏறத்தாழ வான நடுக்கோட்டின் மீதே நிற்கிறது. அதன் உயரம் 67 பாகை; புகைத்திரைக்கு மிக மேலே. முதற்சோதனைக்கு இதைவிடத் தக்க மீன் வேறு வேண்டியதில்லை.

தாங்கியை இயன்றவரை வடக்கு நோக்கி நிறுத்தி, உயரத்தை 22½ பாகையில் வைக்க வேண்டும். விண்மீனைக் கிழக்கு மேற்காக நகர்த்திப் பார்த்து, அது ஒரு கோட்டின் வழியே ஓடுமாறு கண்ணருகு வில்லையைச் சுழற்றி இறுக்க வேண்டும். தொலைநோக்கியைச் சற்று வடக்கே அசைத்து, வில்லையில் வடதிசை எப்பக்கம் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் மோட்டார் ஓட, விண்மீனை விளிம்பில் நிறுத்தி நோக்க வேண்டும். மோட்டார் இல்லாத தாங்கியாயின் கையால் மெல்லத் திருப்பிக்கொண்டே வரலாம். கிழக்கு மேற்கு ஆட்டத்தைப் பொருட்படுத்தாமல் வடக்கு தெற்கு விலகலை மட்டும் கவனித்தால் போதும்.

உச்சிவட்டத்து மீன் தெற்கே விலகினால் அச்சு கிழக்கே மிகுதியாகத் திரும்பியிருக்கிறது. வடக்கே விலகினால் மேற்கே திரும்பியிருக்கிறது. அதனைத் திருத்திய பின் கிழக்கில் தாழ நிற்கும் மீன் ஒன்றை நோக்க வேண்டும். அவ்வேளையில் நீர்ப்பாம்பு மண்டலத்தின் அல்ஃபார்டு கிழக்கே 24 பாகை உயரத்தில் இருக்கும். அது தெற்கே விலகினால் அச்சு தாழ்ந்திருக்கிறது; வடக்கே விலகினால் உயர்ந்திருக்கிறது. இவ்விரு சோதனைகளையும் மாற்றி மாற்றி இரண்டு மூன்று முறை செய்தால், ஐந்து நிமிடம் நோக்கினும் விலகல் புலப்படாத நிலை வரும். பழகிய கைக்கு ஒரு மணி நேரத்திற்குள் முடியும் வேலை இது. தாங்கியின் கால்கள் நிற்கும் இடத்தை மாடித்தளத்தில் குறியிட்டு வைத்தால் அடுத்த இரவில் பாதி வேலை மிஞ்சும்.

எதிர்க்கருத்துகள்

இவ்வில்லை தேவையே இல்லை என்பாரும் உளர். அவர்கள் கூற்றில் உண்மையும் உண்டு. சந்திரனின் மலைகளையும் வியாழனின் துணைக்கோள்களையும் காட்டுவது மட்டுமே நோக்கமாயின், எளிய தாங்கியில் நிறுத்திய தொலைநோக்கியும் சாதாரண வில்லையுமே போதும். வங்கத்தின் ராதாகோபிந்த சந்திரா, ஒளிமாறும் விண்மீன்களை 37,000 முறைக்கு மேல் மதிப்பிட்டு உலகறிந்த தொண்டு செய்தார். அருகிலுள்ள மீன்களோடு கண்ணால் ஒப்பிட்டு ஒளியை மதிப்பிடும் அப்பணிக்கு நுண்ணிய துருவ நேர்ப்பு இன்றியமையாததன்று. கருவியின் பட்டியலைவிட நோக்குநரின் விடாமுயற்சி பெரிது என்பதற்கு அவர் வாழ்வே சான்று. ஆனால் ஒளிப்படம் எடுக்கவோ, ஒரே மீனை நீண்டநேரம் தொடரவோ விரும்பும் பள்ளிக்கு நேர்ப்பு வேண்டும். அப்போது கோடும் வேண்டும்.

ஒளிப்படக் கருவியும் கணிப்பொறியும் சேர்ந்து விண்மீன்களின் நிலையைத் தாமே அறிந்து அச்சின் பிழையைக் கூறிவிடும்போது கண்ணால் நோக்குவது வீண் உழைப்பு என்பது மற்றொரு கருத்து. அம்முறை விரைவானது, நுட்பமானது. வசதியுள்ள நிலையங்கள் அதனைக் கைக்கொள்வது முறையே. எனினும் அதற்கு ஒளிப்படக் கருவியும், கணிப்பொறியும், மாடியில் மின்னிணைப்பும் வேண்டும். அன்றியும், திரையில் தோன்றும் எண்ணைக் கண்டு திருகைத் திருப்பும் மாணவர் பூமி சுழல்வதைக் காண்பதில்லை. கோட்டின் விளிம்பிலிருந்து ஒரு மீன் மெல்லத் தெற்கே நழுவுவதைக் கண்டு, ‘அச்சு கிழக்கே சாய்ந்திருக்கிறது’ என்று தாமே கூறும் மாணவரோ வானியலின் அடிப்படையைக் கண்ணாலும் கையாலும் கற்றுவிடுகிறார். பள்ளியின் நோக்கம் படம் அன்று, அறிவு.

விலை மிகுதி என்பது மூன்றாவது கருத்து. இதற்கு விடை களப்பணியாளரிடமே இருக்கிறது. விளக்கில்லாத தியோடலைட்டைக் கொண்டு இரவில் நோக்க நேர்ந்தபோது, பொருளருகு வில்லையின் முன்னே ஓரமாக ஒரு வெள்ளைத் தாளைச் சாய்த்துவைத்து, அதன்மீது கைவிளக்கின் ஒளியை விழச் செய்து கம்பிகளைக் காண்பது அவர்கள் அறிந்த பழைய உத்தி. பள்ளியிலும் இதனைச் செய்யலாம். ராம்ஸ்டன் வகைக் கண்ணருகு வில்லையில் குவியத்தளம் வில்லைகளுக்கு வெளியே அமைவதால் குறுக்குக் கம்பி வைக்க ஏற்றது என்பதும், ஹைகன்ஸ் வகை அவ்வாறு அன்று என்பதும் பாடநூல் கூறும் செய்தி. குவியத்தடை வெளிப்புறத்தே உள்ள பழைய வில்லை ஒன்றில் மின்கம்பியிலிருந்து பிரித்த மெல்லிய செம்பு இழைகள் இரண்டைப் பசையால் ஒட்டி, தாளும் கைவிளக்கும் கொண்டு ஒளியூட்டினால் நகர்வு முறையின் முதற்படியைச் செலவின்றிக் கற்பிக்கலாம். இழை தடிப்பாதலின் நுட்பம் குறையும். ஆனால் ஒரு பாகைப் பிழையை அரைப் பாகையாகவும், அரையைக் காலாகவும் திருத்த அது போதும். ஹவுரா போன்ற ஒளிமிகுந்த நகரில் வானமே சற்று வெளுத்திருப்பதால் கரிய இழை விளக்கின்றியும் சில வேளைகளில் தெரியும். நகரின் கேட்டிலும் இவ்வொரு நன்மை உண்டு.

முடிவாக

தொலைநோக்கி வாங்கும் நிறுவனங்கள் கொள்முதல் குறிப்பில் ‘ஒளியூட்டிய குறுக்குக் கம்பி வில்லை ஒன்று’ என்று மட்டும் எழுதி விடுதல் தகாது. 1¼ அங்குலக் குழாய்க்குப் பொருந்துவது, ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் குவியத்தூரமுடையது, இரட்டைக் கோடுடையது, கோட்டைத் தனியே குவியப்படுத்தத்தக்கது, விளக்கு கண்ணுக்குப் புலப்படாத எல்லை வரை படிப்படியாக மங்கத்தக்கது, உள்ளூரில் கிடைக்கும் மின்கலத்தால் எரிவது என்று விளங்க எழுத வேண்டும். பொருள் வந்ததும் இருண்ட அறையில் சோதித்தே ஏற்க வேண்டும். இச்சோதனைக்குச் செலவு கிடையாது. பத்து நிமிடமும் ஒரு சாத்திய கதவும் போதும்.

ஹவுராவில் தெளிந்த இரவுகள் குறைவு. மழைக்காலம் போக, மூடுபனி போக, தேர்வுக்காலம் போக, ஒரு வகுப்பிற்குக் கிட்டும் நல்லிரவுகள் ஆண்டிற்குச் சிலவே. அச்சிலவற்றையும் அலையும் விண்மீனைத் துரத்துவதிலேயே கழித்த வகுப்பு, தொலைநோக்கியைக் குறைகூறி அலமாரியில் பூட்டிவிடும். பூட்டப்பட்ட கருவி மீண்டும் வெளிவருவது அரிது. அதற்குள் ஆர்வமுற்றிருந்த மாணவர் பள்ளியை விட்டுப் போயிருப்பர். அவ்விழப்பைத் தடுப்பது பெரிய ஆடியும் அன்று, வலிய மோட்டாரும் அன்று. ஒரு நுண்ணிய கோடும், அக்கோட்டைக் காட்டி விண்மீனை மறைக்காத ஒரு மங்கலான விளக்குமே ஆகும்.